‘ஒஃப் பண்ணிவிடு மச்சான்’ என்பது திருத்தம் அல்ல

கொம்பியூட்டரின் இயங்குதளத்தை மாற்றும்போது சிவப்புப் பெட்டிக்குள் ஒரு பிழைச்செய்தி வந்தால், நம் ஊரில் அதற்கு ஒரே ஒரு மருந்துதான் இருக்கிறது: “செக்கியூர் பூட்டை ஒஃப் பண்ணிவிடு மச்சான்.” ரிப்பேர் கடை அண்ணை அதைத்தான் சொல்கிறார். யூரியூப்பில் பத்து நிமிட வீடியோ போடுகிறவரும் அதைத்தான் சொல்கிறார். கம்பஸில் ‘கொம்பியூட்டர் தெரிஞ்ச பெடியன்’ என்று பெயர் எடுத்தவனும் அதைத்தான் சொல்கிறான். ஒஃப் பண்ணினால் பிழை மறைந்துவிடும். லெப்டொப் திறக்கும். எல்லாருக்கும் சந்தோசம்.

இந்த மருந்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம். இரவில் நாய் குரைக்கிறது என்பதற்காக, நாயைக் கொண்டுபோய் அடுத்த ஊரில் விட்டுவிட்டு வந்து நிம்மதியாகப் படுப்பதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. சத்தம் நின்றுவிட்டது, அவ்வளவுதான். நாய் எதற்காகக் குரைத்தது என்று ஒருவரும் எழும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் இதைப் பாவனையாளருக்குச் சொல்லும் புத்திமதியாக மட்டும் எடுத்துவிடாதீர்கள். ‘ஒஃப் பண்ணு’ என்பது நம் சோம்பலில் மட்டும் பிறந்த பழக்கம் இல்லை. சரியான வழியைக் கஷ்டமாக்கி, பிழையான வழியை மட்டும் லேசாக்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள். மெஷினை விற்றுக் காசை எடுத்தபின் அதன் ஃபேர்ம்வெயரைத் திரும்பிப் பாராத கொம்பனிகள் அவர்கள். உலகத்துக்கே ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களைக் குப்பை என்று சொல்லும் மைக்ரோசொஃப்டும் அதில் அடக்கம். எங்கள் கோபம் இரண்டு பக்கமும் போகிறது.

திரைக்குப் பின்னால் நடப்பது

சுவிட்சை அமத்தினவுடன் முதலில் எழும்புவது வின்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்னச் சிப்புக்குள் எழுதப்பட்ட நிரல் அது. அதைத்தான் ஃபேர்ம்வெயர் என்கிறோம். பழக்கதோசத்தில் பயோஸ் என்று சொன்னாலும், கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்த மெஷின்களில் இருப்பது அதற்கு அடுத்த தலைமுறையான யூஈஎஃப்ஐ. அது ரேமையும் டிஸ்க்கையும் தட்டி எழுப்பிவிட்டு, டிஸ்க்கில் இருக்கும் துவக்க நிரலிடம் பொறுப்பைக் கொடுக்கிறது. துவக்க நிரல் இயங்குதளத்தை ஏற்றுகிறது. வைரஸ் காட் எல்லாம் அதற்குப் பிறகுதான் கண் விழிக்கின்றன. ஆகவே முதல் சில நொடிகளில் ஒருவன் உள்ளே புகுந்துவிட்டால், பிறகு எழும்புகிற எல்லாமே அவன் காட்டும் உலகத்தைத்தான் பார்க்கும்.

செக்கியூர் பூட் அந்தச் சில நொடிகளுக்கான காவல். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கையொப்பம் பார்ப்பதுதான் அதன் வேலை. வதிவிடச் சான்றிதழ் எடுக்க அலைந்த எல்லாருக்கும் இது உடனே விளங்கும். கிராம சேவகர் கையொப்பம் வைப்பார். அவருடைய ஒப்பம் செல்லும் என்று பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைப்பார்கள். ஃபேர்ம்வெயருக்குள்ளும் இப்படி ஒரு அடுக்கு இருக்கிறது. உச்சியில் மெஷினைச் செய்த கொம்பனியின் சாவி. அதற்குக் கீழே, பட்டியல்களை மாற்ற அதிகாரமுள்ள சாவி. பெரும்பாலான மெஷின்களில் இது மைக்ரோசொஃப்டினுடையது. அதற்கும் கீழே இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. யாருடைய கையொப்பம் செல்லும் என்று சொல்வது ஒன்று. ஒருகாலத்தில் செல்லுபடியாக இருந்து இப்போது ரத்தானவை எவை என்று சொல்வது மற்றது.

டிபிஎம் என்பது வேறு சாமான். சாவிகளைப் பூட்டி வைப்பதற்கும், துவக்கத்தில் என்னென்ன ஓடியது என்று அளந்து குறித்து வைப்பதற்குமான பெட்டகம் அது. தனிச் சிப்பாகவும் இருக்கலாம், புரசசருக்குள்ளேயே ஒரு பகுதியாகவும் இருக்கலாம்.

ஆக, இயங்குதளத்தை மேம்படுத்தும்போது ஃபேர்ம்வெயர் பக்கத்தில் இருந்து வரும் பிழை பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்கிறது. ‘பெட்டகத்தைக் காணவில்லை.’ ‘இந்தக் கையொப்பத்தை எனக்குத் தெரியாது.’ ‘இந்தக் கையொப்பம் ரத்தாகிவிட்டது.’ இவை மூன்று வேறு வேறு வருத்தங்கள். மூன்றுக்கும் ஒரே பனடோலைக் கொடுக்க ஏலாது.

முதல் வருத்தம்: ‘இந்தக் கணினியில் வின்டோஸ் 11 ஓடாது’

வின்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. வின்டோஸ் 11க்குப் போக வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 வேண்டும், செக்கியூர் பூட் வசதி வேண்டும், புரசசர் மைக்ரோசொஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு.

இங்கே இரண்டு வகை மெஷின்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகையில் எல்லாமே இருக்கும், ஆனால் மூடிக் கிடக்கும். டெஸ்க்டொப் மதர்போர்டுகள் பலவற்றில் டிபிஎம் தொழிற்சாலையில் இருந்தே ஒஃப் ஆகத்தான் வந்தது. இன்டெல் போர்டில் அதற்குப் பெயர் பிடிடி. ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம். ஃபேர்ம்வெயர் செட்டிங்ஸுக்குள் போய் ஓன் பண்ணினால் காணும். இதற்காக ‘இந்த மெஷின் சரிவராது, புதுசு வாங்குங்கோ’ என்று ஒரு குடும்பத்தின் இரண்டு மாத வருமானத்தைக் கரைப்பது அநியாயம்.

அடுத்த சிக்கல் டிஸ்க். பழைய முறையில் வின்டோஸ் போட்ட டிஸ்க்குகள் எம்பிஆர் என்ற அமைப்பில் இருக்கும். செக்கியூர் பூட்டுக்கு யூஈஎஃப்ஐ முறையும் ஜிபிடி என்ற அமைப்பும் வேண்டும். கடையில் இதற்கு ஒரே பதில்: “ஃபோர்மட் அடிக்கோணும்.” அடிக்கத் தேவையில்லை. எம்பிஆரை ஜிபிடி ஆக்கும் கருவி 2017இல் இருந்து வின்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஃபைல்களை அழிக்காமலே அது மாற்றித் தரும். முக்கியம் வரிசைதான். முதலில் ஃபைல்களைப் பிரதி எடுங்கள். பிறகு டிஸ்க்கை மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ஃபேர்ம்வெயரில் பழைய முறையை நிறுத்தி யூஈஎஃப்ஐக்குப் போக வேண்டும். கடைசியில் செக்கியூர் பூட். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்களின் திரைதான் கறுத்துப்போய் நிற்கிறது. பிறகு அவர்கள் செக்கியூர் பூட்டைத் திட்டுகிறார்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஒஃப் பண்ணுவதில் வீரர்களான நம்மட பெடியள் பலர் அதைத் திரும்ப ஓன் பண்ணியது எதற்காக என்றால், விளையாட்டுக்காக. வின்டோஸ் 11இல் வலரண்ட் விளையாட டிபிஎம்மும் செக்கியூர் பூட்டும் வேண்டும். பாட்டில்ஃபீல்ட் 6உம் செக்கியூர் பூட் கேட்கிறது. விளையாட்டுக் கொம்பனி தன்னுடைய விளையாட்டில் கள்ளம் நடக்கக்கூடாது என்று கேட்டால் அரை மணித்தியாலத்தில் செய்து முடிக்கிறோம். நம் சொந்த ஃபைல்களுக்காகச் செய்யச் சொன்னால் மட்டும் ‘உதெல்லாம் கரைச்சல்.’

இரண்டாவது வகைதான் உண்மையான அநியாயம். ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் மெஷின்கள் பலவற்றில் டிபிஎம் 2.0 இருக்கிறது, செக்கியூர் பூட் இருக்கிறது, எட்டு ஜிபி ரேமும் இருக்கிறது. அவற்றுக்கும் கதவு பூட்டு. இங்கே நம் ஆட்கள் செய்வது, சோதனைகளைத் தாண்டிப் போகிற மாதிரி மாற்றிய ஐஎஸ்ஓவைப் பென்னில் ஏற்றிப் போடுவது. இன்றைக்கு அது ஓடும். ஆனால் தகுதியில்லாத மெஷின்களுக்கு அப்டேட் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லையென மைக்ரோசொஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. எங்கிருந்தோ இறக்கிய ஐஎஸ்ஓ, அதற்கு மேல் ஒரு கிராக், கிராக் வேலை செய்ய வைரஸ் காட்டையும் ஒஃப் பண்ணு. மூன்று காவல்களையும் நம் கையாலேயே அனுப்பிவிட்டு ‘லேட்டஸ்ட் வின்டோஸ் போட்டாச்சு’ என்று சொல்கிறோம்.

இந்த மெஷின்களுக்கு எங்கள் பதில் லினக்ஸ். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றும் செக்கியூர் பூட் ஓனில் இருக்கும்போதே ஏறும். காசு இல்லை, கிராக் இல்லை. ‘லினக்ஸ் என்றால் செக்கியூர் பூட்டை ஒஃப் பண்ணத்தான் வேண்டும்’ என்பது பத்து வருடத்துக்கு முந்திய கதை. அதை இன்றைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்கிறவர்கள் தாங்கள் கடைசியாக எப்போது ஒரு லினக்ஸை இன்ஸ்டோல் பண்ணினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருத்தம்: ‘ஏதோ பெரிய பிழை நடந்துவிட்டது’

2024 ஓகஸ்ட் 13ஆம் திகதி வந்த வின்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, ஒரே மெஷினில் வின்டோஸும் லினக்ஸும் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் திறக்கவில்லை. பாதுகாப்புக் கொள்கை மீறல் என்றும், ஏதோ மிக மோசமான பிழை நடந்துவிட்டது என்றும் இரண்டு வரி ஆங்கிலத்தில் வந்தது. பிறகு மெஷின் தானாக நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். கிரப் என்ற லினக்ஸ் துவக்க நிரலில் 2022இல் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஓட்டையுள்ள பழைய பதிப்புகளை ஏற்கக்கூடாது என்று ஒரு குறிப்பை மைக்ரோசொஃப்ட் மெஷின்களுக்குள் எழுதியது. நோக்கம் நியாயமானது. ஆனால் இரண்டு இயங்குதளம் உள்ள மெஷின்களில் இது எழுதப்படாது என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். எழுதப்பட்டது. சில வகை அமைப்புகளை அவர்களுடைய சோதனை கண்டுபிடிக்கவில்லை. முழுமையான திருத்தம் 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. ஒன்பது மாதம்.

இந்த இடத்தில் செக்கியூர் பூட்டை ஒஃப் பண்ணுவது சரிதான். நாங்கள் அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒப்பரேசனுக்கு முன் கொடுக்கும் மயக்க ஊசி மாதிரி. ஒஃப் பண்ணி, லினக்ஸுக்குள் போய், அந்தக் குறிப்பை அழித்து, கிரப்பையும் ஷிம் என்ற அதன் முன்வாசல் நிரலையும் புதுப்பித்து, திரும்ப ஓன் பண்ண வேண்டும். எங்கள் ஆட்சேபம் கடைசிப் படியைப் பற்றியது. பல வீடியோக்கள் முதல் படியோடு முடிந்துவிடுகின்றன. ‘லைக் பண்ணுங்கோ, சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ.’ நோயாளி மயக்கத்திலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்.

மூன்றாம் வருத்தம்: ரத்துப் பட்டியல்

இது மிக அமைதியான பிழை. ஆகவே மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு ஏற்றிய பிறகு ஃபேர்ம்வெயர் அப்டேட் கொடுத்தால், சில மெஷின்களில் ரத்துப் பட்டியலைப் புதுப்பிக்க மாட்டேன் என்று அது நின்றுவிடும். துவக்கப் பகுதியில் தடைசெய்யப்பட்ட நிரல் ஒன்று இருக்கிறது, கிரப்பையும் ஷிம்மையும் புதுப்பி என்று சொல்லும்.

இதைப் பிழை என்று சொல்வதே பிழை. அந்தக் கருவி உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. பட்டியலைப் புதுப்பித்திருந்தால் உங்கள் டிஸ்க்கில் இருக்கும் பழைய துவக்க நிரல் ரத்தாகியிருக்கும். அடுத்த முறை மெஷின் திறந்திராது. செய்ய வேண்டியது, அது சொன்னதையே செய்வதுதான்: ஷிம்மையும் கிரப்பையும் புதுப்பிப்பது. அதன் பிறகும் நின்றால், எப்போதோ போட்டுப் பார்த்துவிட்டு அழித்த வேறு லினக்ஸின் கோப்புறை துவக்கப் பகுதியில் மிஞ்சிக் கிடக்கிறதா என்று பாருங்கள். எந்த ஃபைல் தடையாக இருக்கிறது என்பதையும் செய்தியே காட்டும். இதைச் செய்யாமல் பலவந்தமாகத் தள்ளிவிடச் சொல்லும் ஆலோசனைகளும் உலாவுகின்றன. கேட்காதீர்கள்.

இந்த மூன்றாம் வருத்தத்துக்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. செக்கியூர் பூட் முழுவதும் தங்கியிருக்கும் மைக்ரோசொஃப்டின் சான்றிதழ்கள் 2011ஆம் ஆண்டுக்குரியவை. அவற்றின் ஆயுள் 2026 ஜூனிலும் ஒக்டோபரிலும் முடிகிறது. அந்தத் திகதியில் மெஷின் செத்துப்போகாது, பழையபடி திறக்கும். ஆனால் 2023ஆம் ஆண்டின் புதிய சான்றிதழ்கள் உள்ளே போகாத மெஷினுக்குத் துவக்கம் சம்பந்தமான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் போய்ச் சேராது. புதுச் சாவியால் மட்டும் ஒப்பமிட்ட துவக்க நிரல்களையும் அது ஏற்காது. புதியவை வின்டோஸ் அப்டேட் வழியாகவும், லினக்ஸில் ஃபேர்ம்வெயர் அப்டேட் வழியாகவும் வருகின்றன. அப்டேட்டை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு வராது. ‘செக்கியூர் பூட்’ என்ற சொல்லையே ஒஃப் பட்டனோடு சேர்த்துத்தான் அறிந்திருக்கும் ஒரு ஊரில், இந்த மாற்றம் எத்தனை மெஷின்களைச் சத்தமில்லாமல் கைவிட்டுப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘என்னட்ட என்ன கிடக்கு களவெடுக்க?’

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். அதற்கு முதல், ஆபத்து கற்பனை இல்லை என்பதைச் சொல்லிவிடுவோம். 2018இல் ஈசெட் ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய லோஜாக்ஸ், மதர்போர்டுச் சிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வின்டோஸைத் திரும்பப் போட்டாலும் டிஸ்க்கை மாற்றினாலும் அது போகாது. அதற்குச் சரியான கையொப்பம் இல்லை. செக்கியூர் பூட் அதை மறித்திருக்கக் கூடியது என்று அவர்களே எழுதினார்கள். 2023இல் பிளக்லோட்டஸ் பற்றி எழுதியபோது நிலைமை இன்னும் மோசம். முழுதாக அப்டேட் செய்த வின்டோஸ் 11இலும் செக்கியூர் பூட்டைத் தாண்டிப் போகத் தெரிந்த கிருமி அது. ஒஃப் பண்ணிய மெஷினில் தாண்டிப் போகும் கஷ்டமும் இல்லை. வாசல் திறந்தே கிடக்கிறது.

இனி உங்களிடம் என்ன கிடக்கிறது என்று பார்ப்போம். வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு கதைத்து ஒலிப்பதிவு எடுத்து வைத்திருக்கும் இளம் ஆட்கள் இருக்கிறார்கள். காணிப் பிரச்சினைகளை ஆவணப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஊடகத்தில் இருக்கிறவர்கள், பெண்கள் அமைப்புகளில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய லெப்டொப்பும் அதே கடையில்தான் திருத்தப்படுகிறது. ஒரு பெண்ணின் படங்களும் கடிதங்களும் இருக்கும் லெப்டொப்பும் அங்கேதான் ஒரு இரவு கிடக்கிறது. மெஷின் நம் கையை விட்டுப் போய்த் திரும்பி வரும் அந்த இடைவெளிக்காகத்தான் செக்கியூர் பூட்டும் டிஸ்க் மறையாக்கமும் சேர்ந்து செய்யப்பட்டிருக்கின்றன. ஒன்றை ஒஃப் பண்ணினால் மற்றதும் பலவீனமாகிறது. ‘என்னட்ட ஒண்டுமில்லை’ என்று சொல்லக்கூடியவர் தன்னுடைய ஃபைல்களைப் பற்றி மட்டும் பேசலாம். தன்னை நம்பிக் கதை சொன்னவர்களுடைய ஃபைல்களைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

இதோடு தொடர்புள்ள ஒரு எச்சரிக்கை. பல புதிய லெப்டொப்புகளில் வின்டோஸ் 11 தானாகவே டிஸ்க்கை மறையாக்கம் செய்கிறது. அதன் மீட்புச் சாவி 48 இலக்கம் கொண்டது. மெஷினை அமைக்கும்போது கொடுத்த மைக்ரோசொஃப்ட் கணக்கில்தான் அது சேமிக்கப்படும். ஃபேர்ம்வெயரில் கை வைத்தால் மெஷின் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். கடையில் வேறு யாருடையதோ ஈமெயிலைப் போட்டு உங்கள் மெஷினை அமைத்துத் தந்திருந்தால், சாவி அந்த ஆளிடம் இருக்கிறது. ஆகவே எதையும் தொட முதல், சாவியை எடுத்துப் பேப்பரில் எழுதி வையுங்கள். மறையாக்கத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்துங்கள். பிறகு ஃபேர்ம்வெயருக்குள் போங்கள்.

பூட்டு யாருடையது?

எங்களோடு வாதாடும் நண்பர்களில் ஒரு பகுதியினர் சோம்பேறிகள் இல்லை. அவர்கள் கொள்கையோடு எதிர்க்கிறார்கள். ‘செக்கியூர் பூட் என்பது மைக்ரோசொஃப்ட் மற்றவர்களை வெளியே வைக்கக் கட்டின வேலி. நாங்கள் ஏன் அதற்குக் காவல் நிற்க வேண்டும்?’ இந்தக் கேள்வியை நாங்கள் மதிக்கிறோம். 2012இல் வின்டோஸ் 8ஓடு இது வந்தபோது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதே ஆபத்தைத்தான் சுட்டிக் காட்டியது. ஆர்ம் புரசசரில் வந்த வின்டோஸ் மெஷின்களில் அன்று செக்கியூர் பூட்டை நிறுத்தவே விடவில்லை. இன்றைக்கும் லினக்ஸின் ஷிம் பெரும்பாலான மெஷின்களில் மைக்ரோசொஃப்டின் ஒப்பத்தோடுதான் உள்ளே போகிறது. ஒரு தனிக் கொம்பனியின் தயவில் உலகத்தின் துவக்கம் நிற்பது நல்லதில்லை.

ஆனால் வேலி அநியாயமாகக் கட்டப்பட்டிருந்தால் அதன் சாவியைக் கேட்பதுதான் அரசியல். வீட்டுக் கதவையே கழற்றி எறிவது அரசியல் இல்லை. சாதாரண கொம்பியூட்டர்கள் பலவற்றில் ஃபேர்ம்வெயருக்குள் சொந்தச் சாவியைப் பதிய வழி இருக்கிறது. லினக்ஸில் தன் சாவியால் தானே ஒப்பமிட்ட நிரலை ஷிம் வழியாக ஓட்டவும் வழி இருக்கிறது. ‘சுதந்திரம்’ என்று சொல்லி ஒஃப் பண்ணுகிற நண்பர்களில் எத்தனை பேர் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்?

உண்மையில் கொள்கைக்காரர்கள் கோபப்பட வேண்டிய இடம் இன்னொன்று. 2024 ஜூலையில் பைனார்லி என்ற ஆய்வுக் குழு ஒரு விசயத்தை வெளியிட்டது. பல பெயர்பெற்ற கொம்பனிகளின் 200க்கும் மேற்பட்ட மாதிரிகளில், உச்சிச் சாவியாக வைக்கப்பட்டிருந்தது ஒரு பரிசோதனைச் சாவி. ‘நம்ப வேண்டாம்’ என்று அதன் பெயரிலேயே எழுதியிருக்கிறது. அதை அப்படியே வைத்து விற்றிருக்கிறார்கள். அந்தச் சாவியின் இரகசியப் பகுதியும் இணையத்தில் கசிந்திருந்தது. அதற்கு முந்திய வருடம் எம்எஸ்ஐ கொம்பனியின் மதர்போர்டுகள் பலவற்றில், செக்கியூர் பூட் ஓன் என்று காட்டினாலும் எல்லாவற்றையும் உள்ளே விடும்படி அமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2023 டிசம்பரில் வெளிவந்த லோகோஃபெயில் இன்னொரு வகை. திறக்கும்போது தெரிகிற கொம்பனிச் சின்னத்தின் படத்தை வாசிக்கும் நிரலில் இருந்த ஓட்டைகளால், செக்கியூர் பூட் ஓனில் இருந்தாலும் உள்ளே புகலாம்.

இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து, செய்த கொம்பனி தரும் ஃபேர்ம்வெயர் அப்டேட். இங்கேதான் நம்மைப் போன்றவர்களுக்கு அடி விழுகிறது. நம் ஊரில் பலர் வாங்குவது இரண்டாம் கை லெப்டொப். வெளிநாட்டில் ஒரு அலுவலகம் பாவித்துக் கழித்தது. அது நம் கைக்கு வரும்போது அந்த மாதிரிக்கான அப்டேட்டைக் கொம்பனி ஏற்கெனவே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாவிட்டாலும் அப்டேட் வின்டோஸில் மட்டும் ஓடும் ஃபைலாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இணையத் தாங்குதிறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் இருந்து பொருந்தும். டிஜிட்டல் பொருள் விற்பவர் பொதுவாகக் குறைந்தது ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும். அதே கொம்பனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. இங்கே அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. ரேம் எவ்வளவு, கலர் என்ன என்று கேட்கிறோம். ‘ஃபேர்ம்வெயர் அப்டேட் எந்த வருடம் வரை?’ என்று கடையில் கேட்டால் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கரண்டும் ஆங்கிலமும்

நம் ஆட்கள் ஃபேர்ம்வெயரைத் தொடப் பயப்படுவதற்கு இரண்டு நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றைக் கேலி பண்ண நாங்கள் தயாரில்லை.

ஒன்று, கரண்ட். ஃபேர்ம்வெயர் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெஷின் செங்கல் ஆகலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. அந்தப் பயம் உடம்பில் ஊறிக் கிடக்கிறது. லெப்டொப் என்றால் பட்டரி நிறையவும் இருக்க வேண்டும், சார்ஜரும் குத்தியிருக்க வேண்டும். பட்டரி செத்த லெப்டொப்பில் இந்த வேலை வேண்டாம். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடக்கூடாது. உங்களிடம் இல்லையென்றால் இருக்கிற இடத்துக்கு மெஷினைக் கொண்டுபோங்கள். எழுதும் வேலை பெரும்பாலும் சில நிமிடங்கள்தான்.

மற்றது ஆங்கிலம். வின்டோஸைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம், லினக்ஸையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மெஷின் உண்மையில் உதவி கேட்கும் அந்த ஒரு கணத்தில், கறுப்புத் திரையில் வருவது ஆங்கிலம் மட்டும்தான். அதுவும் ஆங்கிலம் தெரிந்தவருக்கே விளங்காத ஆங்கிலம். அந்த இடத்தில்தான் கேள்வி கேட்காமல் ‘ஒஃப் பண்ணு’ என்ற இரண்டு சொல்லை நம்புகிறோம். அறிவு ஒரு மொழியில் மட்டும் பூட்டிக் கிடக்கும்போது, மற்ற மொழிக்காரருக்குக் கிடைப்பது எப்போதும் குறுக்குவழிதான். ஆகவே இந்தப் பிழைச்செய்திகளைத் தமிழில் விளக்கி எழுதுவதை நாங்கள் பொழுதுபோக்காகப் பார்க்கவில்லை.

நாங்கள் கேட்பது

ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணைமாரிடம்: செக்கியூர் பூட்டை ஒஃப் பண்ணினால் பில்லில் எழுதுங்கள். பிரேக் கழற்றின மோட்டார் சைக்கிளை ‘திருத்தியாச்சு’ என்று சொல்லிக் கொடுப்பீர்களா? வேலை முடிய ஓன் பண்ணிக் கொடுங்கள். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று சொல்லுங்கள். அதற்கும் சேர்த்துக் காசு கேளுங்கள், தருவோம்.

வீடியோ போடும் தம்பி தங்கச்சிமாரிடம்: கடைசிப் படியையும் காட்டுங்கள். இன்னும் இரண்டு நிமிடம்தான் கூடும்.

பாடசாலை, பல்கலைக்கழக ஆய்வுகூடங்களைப் பார்ப்பவர்களிடம்: வின்டோஸ் 10இல் நிற்கும் மெஷின்களைக் கழிக்க முதல், அவற்றில் டிபிஎம் மூடிக் கிடக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். கோட்டுக்கு வெளியே நிற்பவற்றில் லினக்ஸ் போடுங்கள். நூறு பிள்ளைகள் கை வைக்கும் மெஷினில் கிராக் போட்டு வைக்காதீர்கள்.

கொம்பனிகளிடம்: விற்கும்போதே அப்டேட் எந்த வருடம் வரை என்று பெட்டியில் அச்சிடுங்கள். லினக்ஸிலும் ஏறும் வகையில் அதைக் கொடுங்கள். ஆதரவை நிறுத்தும் நாளில், எங்கள் மெஷினின் சாவியை நாங்கள் மாற்றிக்கொள்ளும் வழியைத் திறந்துவிட்டுப் போங்கள்.

உங்களிடம்: இன்றைக்கு உங்கள் மெஷினில் செக்கியூர் பூட் ஓனா ஒஃபா என்று பாருங்கள். வின்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேசன்’ என்று தேடித் திறந்தால் ஒரு வரியில் தெரியும். ஒஃப் என்றால், யார் எப்போது எதற்காக ஒஃப் பண்ணினார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் நீங்களே காரணத்தைத் தேடுங்கள், திருத்துங்கள், ஓன் பண்ணுங்கள். தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். செய்து முடித்தபின், ‘ஒஃப் பண்ணிவிடு’ என்று அடுத்த ஆள் சொல்லும்போது அவருக்கும் வடிவாக விளங்கப்படுத்துங்கள்.